வாயைத் திறந்து கூப்பிட்டால் மட்டும்

பள்ளிப்பட்டு
8.7.2025

அன்புள்ள தீனா அப்பாவுக்கு,

துர்கா எழுதுவது. நலம் என்று எழுதினால் நீங்கள் நம்பப்போவதில்லை. முக்கால்வாசி நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கால்வாசிக்கு என்ன காரணம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் நெஞ்சுக்குள் விசில் அடிக்கிறது. அது உங்கள் காதில் விழுந்ததுதான் தாமதம், "இருமே, தோ வந்துட்டேன்" என்று போனை வைத்துவிடுகிறீர்கள். அப்புறம் கவரைப்பேட்டையிலிருந்து இங்கே வரைக்கும் பைக். கம்பெனியில் இருந்தால் அப்படியே கிளம்பி, ரப்பர் புகை ஊறின யூனிஃபார்மோடு. வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுக்கிறீர்கள். இன்ஹேலரில் பஃப் அடித்து அடங்கியிருந்த இழுப்பு, நீங்கள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கிளம்புகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே அக்கா வீட்டுக்கு வந்த நாளாக ஒவ்வொரு தடவையும் இதே கதைதான்.

அக்கா கேலி பண்ணுகிறாள். "இன்னாடி இது, ஊருல அவ அவளுக்கு ஊட்டுக்காரன் வந்தா மொகம் மலரும். உனுக்கு மூச்சு நிக்குதே!" சிரித்தால் எனக்கு இன்னும் இருமல் வருகிறது. அதற்கும் திட்டுகிறாள்.

நேற்று அக்கா வீட்டு மாமா என்னைத் திருவள்ளூர் அழைத்துக்கொண்டு போய் டாக்டர் கிறிஸ்டினாவிடம் காட்டினார். நீங்கள் வந்துபோவதையெல்லாம் சொன்னேன். "அவர் மேல தப்பில்லம்மா, அவர் சட்டை மேலதான் தப்பு" என்றார். பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். மூச்சுக்குழாயின் உள்பக்கம் மெல்லிசாக ஒரு தோல் இருக்கிறதாம். ஆகாத நெடி பட்டால் அது கூப்பாடு போடுகிறதாம். ரத்தத்தில் சும்மா போய்க்கொண்டிருக்கும் காவல்கார அணுக்கள் அந்தக் கூப்பாடு கேட்டு ஓடி வருகின்றனவாம். ரத்தக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு, இடுக்கில் நெளிந்து நுழைந்து, மூச்சுக்குழாயில் வந்து கூடிவிடுகின்றனவாம்.

"வந்து என்ன செய்யும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"புழுவைக் கொல்றதுக்கு அது கையில ஒரு விஷம் வச்சிருக்கும். அதை அங்க கொட்டும். அங்க புழு ஏது? உங்க குழாய்தான் புண்ணாகி வீங்கும். வந்தது சும்மா இருக்காம இன்னும் நாலு பேரைக் கூப்பிடும்."

"ஐயோ பாவம், நல்லது செய்யத்தானே வருது" என்றேன். டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

என் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். 'மூச்சு எப்படி' 'மூச்சு எப்படி' என்று நீங்கள் அனுப்பிக்கொண்டே இருந்தால் நான் எப்படி மூச்சு விடுவது? இனிமேல் கடிதம்தான். கடிதத்தில் மூச்சு கேட்காது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பரோட்டா மட்டுமே தின்றுவிட்டு 'சாப்பிட்டேன்' என்று எழுதக்கூடாது.

உங்கள்
துர்கா


கவரைப்பேட்டை
14.7.2025

அன்புள்ள துர்காவுக்கு,

மதிவாணன் எழுதிக்கொண்டது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே தவிர எழுதியது கிடையாது.

சட்டை மேல் தப்பு என்று உன் டாக்டர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். எனக்கே தோன்றியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் சேஃப்டி பாடம் எடுக்கிறவன் நான். இதை எங்கள் ஃபயர் டீம் பையன் சின்னதுரையிடம் சொன்னேன். "இன்னாண்ணா, நீயே ஒரு கெமிக்கல் லீக்கா?" என்று கேட்கிறான், படவா.

அந்த அணுக்கள் கதையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. போன வருஷம் எங்கள் கேன்டீனில் நடந்ததைச் சொன்னேனே, இட்லி ஆவி டிடெக்டரில் பட்டு சைரன் அடித்தது. எங்கள் ஃபயர் டீம் தலைதெறிக்க ஓடி, உள்ளே வெள்ளையாகப் பொங்குவதைப் பார்த்துப் புகை என்று நினைத்து நுரையை அடித்துத் தள்ளிவிட்டோம். மாவு போச்சு, அரிசி மூட்டை போச்சு, கிரைண்டர் போச்சு. கம்பெனி முழுக்க அன்றைக்கு நாஷ்டா இல்லை. தீ மட்டும் எங்கேயும் இல்லை. உன் நெஞ்சுக்குள் ஓடி வருகிறவர்கள் எங்கள் ஆட்கள்தான் துர்கா. அவர்களைத் திட்டாதே.

ஆனால் ஒன்று கேட்கிறேன். சைரன் கேட்கிறது, ஒருத்தன் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். அவன் இன்னா ஆளு?

போன் வேண்டாம் என்கிறாய், சரி. உன் இஷ்டம். வீட்டுக்குள் வந்தால் பேச்சுக்கு ஆள் இல்லை. புனேவிலிருந்து தீனா ஞாயிற்றுக்கிழமை பேசுகிறான். "அம்மா எப்டி இருக்குது?" என்கிறான். "கடுதாசி வரட்டும், சொல்றேன்" என்கிறேன். அவனுக்கு நான் கிண்டல் பண்ணுகிறேன் என்று எண்ணம். படுக்கும்போது உன் பாயையும் சேர்த்து விரித்துவிடுகிறேன். விரித்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. சுருட்டி வைக்கவும் மனசு வரவில்லை, அப்படியே கிடக்கிறது.

நீ திரும்பி வருவதற்குள் வீட்டைச் சுத்தமாக்கி வைக்கிறேன். ஒரு தூசி இருக்காது. பார்.

இப்படிக்கு
மதிவாணன்

பி.கு. பரோட்டா தினமும் இல்லை.


பள்ளிப்பட்டு
11.9.2025

அன்புள்ள தீனா அப்பாவுக்கு,

உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன. தபால்காரர் இப்போதெல்லாம் "அம்மா, கவரைப்பேட்டை லவ் லெட்டரு" என்று சத்தம் போட்டுத்தான் கொடுக்கிறார். தெருவே சிரிக்கிறது.

நல்ல சேதி. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அந்தக் காவல்காரர்களின் கூட்டம் பாதிக்குமேல் குறைந்திருக்கிறது. காலையிலும் சாயங்காலமும் இழுக்கிற மருந்து இருக்கிறதே, அது அவர்களை அடித்து விரட்டுகிற மருந்து இல்லையாம். கூப்பாடு போடுகிற தோலைச் சமாதானப்படுத்துகிற மருந்தாம். கூப்பிட ஆள் இல்லையென்றால் எவரும் வரமாட்டார்கள். நன்றாக இருக்கிறது என்று நடுவில் நிறுத்தினால் பழைய குருடிதான் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். நீங்கள் வந்தாலும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பஸ்ஸில் வருகிறீர்கள். போன மாதம் வந்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நானும் பார்த்தேன், நீங்கள்தான் பந்தியில் இடம் கிடைக்காதவர் மாதிரி வாசலோரமாகவே உட்கார்ந்திருந்தீர்கள். பக்கத்தில் வாங்க என்று அக்கா முன்னால் எப்படிக் கூப்பிடுவது?

சாயங்காலம் ஆற்றுப் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன். எதிர் வீட்டு லட்சுமியம்மாள் தையல் கடை வைத்திருக்கிறார். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அங்கே போய் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக் கொடுக்கிறேன். தூசி என்று பயப்படாதீர்கள், ஜன்னலோரம்தான் உட்காருகிறேன்.

ஒன்றும் குறையில்லை. ஆனாலும் இது அக்கா வீடு. அவர்கள் சாப்பிடும்போது சாப்பிட வேண்டும், ஆந்திர எல்லை என்பதால் அவர்கள் பார்க்கிற தெலுங்கு சீரியலைப் பார்க்க வேண்டும். எல்லோரும் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நானும் சிரிக்கிறேன். நம் வீட்டு மாடிப்படியில் என் தொட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும்போல் இருக்கிறது. கனகாம்பரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்களா?

ஆயுத பூஜைக்கு முதல் நாள் வருகிறேன். டாக்டர் போகலாம் என்று சொல்லிவிட்டார். உடம்புக்கு ஒத்துக்கொண்டால் அப்படியே இருந்துவிடுகிறேன்.

உங்கள்
துர்கா


கவரைப்பேட்டை
20.9.2025

அன்புள்ள துர்காவுக்கு,

வா. வீடு தயார்.

சுவர் கழுவியாச்சு. தரைக்கு ரெண்டு வேளை பினாயில். பாத்ரூமுக்கும் சமையல் ரூமுக்கும் பிளீச்சிங். கம்பெனிப் புகை உள்ளே வரக்கூடாது என்று ஜன்னல் இடுக்கையெல்லாம் டேப் போட்டு அடைத்துவிட்டேன். பஞ்சுத் தலையணை தூக்கிப் போட்டாச்சு. எதிர்வீட்டில் குப்பை கொளுத்துகிறவர்களிடம் சண்டை போட்டாச்சு. ஆஸ்பத்திரி தோற்றுப்போகும்.

இனி உனக்கு ஒன்றும் வராது. நான் இருக்கிறேன்.

மதிவாணன்


பள்ளிப்பட்டு
6.10.2025

அன்புள்ள தீனா அப்பாவுக்கு,

நான் இப்போது பரவாயில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பாதிக் கடிதத்தில் பைக்கை எடுத்துவிடப் போகிறீர்கள்.

அன்றைக்குக் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து அடித்த நெடி இன்னும் மூக்கில் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு சந்தோஷமாகக் கதவைத் திறந்தீர்கள்! "பாருமே, கண்ணாடி மாதிரி!" என்றீர்கள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு 'வெளியே போகிறேன்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உட்கார்ந்தேன். காபி குடிப்பதற்குள் இழுப்பு. நீங்கள் இன்னும் ஒரு புகை உள்ளே வந்துவிடக்கூடாது என்று கதவையும் சாத்தினீர்கள். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஆம்புலன்ஸ் வந்தது, ஆக்சிஜன் வைத்தார்கள், பூஜையன்று திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

"அவ்வளவு பிளீச்சிங் நெடியை அடைச்ச வீட்ல வச்சா நல்ல நுரையீரலே தாங்காதும்மா" என்றார் டாக்டர். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். எனக்கு மனசு அறுந்துபோயிற்று. அங்கே வைத்து எதுவும் பேச முடியவில்லை. இப்போது எழுதுகிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

மாடிப்படியில் என் தொட்டிகள் இல்லை. தரையில் வட்டம் வட்டமாகத் தடம் மட்டும் இருந்தது. ஈர மண்ணில் பூஞ்சை பிடிக்கும் என்று தூக்கிப் போட்டீர்களாம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? கும்மிடிப்பூண்டியில் தையல் யூனிட்டுக்கு ஆள் எடுத்தபோது நான் ஆசைப்பட்டேன், பஞ்சுத் தூசி என்று தடுத்தீர்கள். அப்போது எனக்கு ஆஸ்துமாவே கிடையாது. பழவேற்காட்டில் எல்லோரும் படகு ஏறினபோது என்னை மட்டும் கரையில் நிறுத்தினீர்கள். நான் தும்மினால் ஜன்னலைச் சாத்துவீர்கள். எல்லாம் பாசம்தான், எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தப் பாசத்துக்குள் எனக்கு மூச்சு விட இடம் போதவில்லைங்க. இங்கே மூச்சு வருகிறது. காற்று மட்டும்தான் காரணமா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

அதனால் ஒன்று கேட்கிறேன். கொஞ்ச நாளைக்கு வராதீர்கள். எவர் போன் பண்ணினாலும், பின்னால் என் இழுப்புச் சத்தம் கேட்டாலும் ஓடி வராதீர்கள். இங்கே மாமா இருக்கிறார், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது, என் கையில் பஃப் இருக்கிறது. நான் வாயைத் திறந்து 'வாங்க' என்று கூப்பிட்டால் மட்டும் வாங்க.

இதை எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பேன் என்று நினைக்காதீர்கள்.

துர்கா


கவரைப்பேட்டை
15.10.2025

துர்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்க இருந்தது. சின்னதுரையிடம் எரிந்து விழுந்தேன். அப்புறம் போய்விட்டது.

ஜன்னல் டேப்பையெல்லாம் பிய்த்துவிட்டேன். பிளீச்சிங் டப்பாவைத் தெருக் கோடி வீட்டில் கொடுத்துவிட்டேன். தொட்டிகளைத் தேடிப் போனேன். குப்பை வண்டிக்காரர் எப்போதோ எடுத்துப் போய்விட்டாராம்.

இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான், சத்தம் கேட்டால் ஓடு. யோசிக்கிறவன் லேட்டாகிவிடுவான். வேறு எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியாது. கத்துக்கொள்கிறேன்.

நீ கூப்பிடாமல் வரமாட்டேன். இது தீனா மேல் சத்தியம்.

மதிவாணன்


கவரைப்பேட்டை
17.11.2025

அன்புள்ள துர்காவுக்கு,

ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உங்கள் பக்கம் இடியும் மழையுமாக இருந்ததாமே, உன் அக்கா போன் பண்ணினாள். "தம்பி, இவுளுக்கு ரொம்ப இழுக்குது. உங்களாண்ட பேசணும்னு கையக் காட்றா, இந்தா குடுக்கறேன்" என்றாள். அப்புறம் உன் மூச்சு. அதை நான் எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுபிடிப்பேன். "சொல்லுமே, துர்கா, சொல்லு" என்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் லைன் கட்டாகிவிட்டது.

பைக் சாவி கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்றே தெரியவில்லை. வாசல் வரைக்கும் போய்விட்டேன். அப்போது உன் கடிதம் ஞாபகம் வந்தது. அவள் வாயைத் திறந்து கூப்பிடவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்தேன், உன் தொட்டிகள் இருந்த இடத்தில். எழுந்து போய்விடுவேனோ என்று பயந்து சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வீட்டம்மா, "இன்னாண்ணே, சண்டையா?" என்று கேட்டாள்.

தீ பிடித்த கட்டடத்துக்குள் போயிருக்கிறேன். அதெல்லாம் ஒன்றுமே இல்லை. உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம்.

லைன் கிடைத்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. சகலை எடுத்தார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நெபுலைசர் வைத்தார்களாம், இப்போது தூங்குகிறாள் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் வராமலே உனக்குச் சரியாகிவிட்டது, பார்த்தாயா?

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் துர்கா. உனக்குச் சந்தோஷம்தானே? ஒரு வரி எழுது.

உன்
மதிவாணன்


பள்ளிப்பட்டு
21.11.2025

அன்புள்ள தீனா அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. படித்தேன். மடித்து வைத்தேன், திரும்பவும் எடுத்துப் படித்தேன். சந்தோஷம் என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். நீங்கள் அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பீர்கள். முடியவில்லை. உங்களிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அன்றைக்கு இடி இடித்து மண் வாசனை கிளம்பினதுமே நெஞ்சை அடைத்துக்கொண்டது. பஃப் அடித்தேன், கேட்கவில்லை. மாமா ஆட்டோ பிடிக்க மழையில் ஓடினார். அக்கா பயந்துபோய் தமிழ்த் தெய்வம் தெலுங்கு தெய்வம் எல்லாரையும் கூப்பிட்டாள். எனக்கு ஒருத்தரைத்தான் கூப்பிடத் தோன்றியது. போனைக் காட்டினேன். அவள் காதில் வைத்தாள். "சொல்லுமே" என்று உங்கள் குரல் கேட்டது.

நான் கூப்பிட்டேன்ங்க. வாயைத் திறந்துதான் கூப்பிட்டேன். அந்தச் சொல்லை வெளியே தள்ள என்னிடம் மூச்சு இல்லை. நீங்கள் கேட்டீர்களே, வெறும் மூச்சு என்று நினைத்தீர்களே, அதுதான் நான் கூப்பிட்டது.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க்கை மாட்டி உட்கார்த்தி வைத்தார்கள். புகை மாதிரி மருந்து வந்துகொண்டிருந்தது. எனக்குக் கண் வாசலில். மழையில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நிமிர்ந்து பார்த்தேன். இந்நேரம் ஊத்துக்கோட்டை தாண்டியிருப்பார், இந்நேரம் திருத்தணி வந்திருப்பார் என்று கணக்குப் போட்டேன். மழையில் நனைந்து வருவாரே, தலை துவட்டத் துண்டு எடுத்து வரவில்லையே என்றுகூட நினைத்தேன். நர்ஸ் வந்து, "யாரும்மா வரணும்?" என்றாள். யாருமில்லை என்று தலையை ஆட்டிவிட்டேன். வராதே என்று எழுதினவள் நான்தானே. எந்த முகத்தை வைத்துக்கொண்டு வரவில்லையே என்று அழுவது? மாமா டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கி வந்ததும் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, அதற்கப்புறம்தான் அழுதேன். அக்கா வலியால் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவினாள்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு நீங்கள் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்கு உங்கள் மேல் கோபமே வரமாட்டேன் என்கிறது. நான் கேட்டதைத்தான் நீங்கள் செய்தீர்கள். நான் கேட்டதில்தான் கோளாறு. ஓடி வருகிற நீங்கள் எனக்கு ஆகவில்லை. வராமல் இருக்கிற நீங்கள் அதைவிட ஆகவில்லை.

மருந்தை விடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறேன். மூச்சு நன்றாக வருகிறது. ஆற்றுப் பக்கம் தனியாக நடக்கிறேன். முன்பு அது பிடித்திருந்தது.

கடிதம் வந்து சேர நாளாகும், அதனால் அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வாருங்கள். ஓடி வர வேண்டாம், உட்கார்ந்து நிதானமாக வாருங்கள். யூனிஃபார்ம் வேண்டாம். சுத்தம் செய்கிற சாமான் எதுவும் பையில் இருக்கக்கூடாது. வந்து வாசலோரம் உட்காரக்கூடாது. அப்புறம் நாம் ரெண்டு பேரும் பேசலாம், எந்த ஊரில் எந்த வீட்டில் இருக்கலாம் என்று. நானும் பேசுவேன், நீங்கள் கேட்க வேண்டும். வரும் வழியில் ஒரு கனகாம்பர நாற்று கிடைத்தால் வாங்கி வாருங்கள்.

இதற்குமேல் சுற்றி வளைக்க வேண்டாம். அன்றைக்கு வாயில் வராததை இங்கே எழுதிவிடுகிறேன். இதில் மூச்சு கேட்காது, சொல் மட்டும்தான் இருக்கும்.

வாங்க.

உங்கள்
துர்கா